வயிற்றில் அடிபட்டவரை ஒரே ஒரு ஸ்கேனை நம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் நாளிதழில் விபத்துச் செய்தி வராத நாளே இல்லை. பைக்கும் பைக்கும் மோதின, வேன் கவிழ்ந்தது, பேருந்து புளியமரத்தில் மோதியது என்று வரும் செய்திகளின் கடைசியில், இத்தனை பேர் முதலுதவிக்குப் பிறகு வீடு திரும்பினார்கள் என்று ஒரு வரி இருக்கும். அப்படி வீடு திரும்புகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவர்களில் யாரோ ஒருவர் இரண்டு நாள் கழித்து வயிறு உப்பி, நாக்கு வறண்டு, மூச்சு வாங்கியபடி திரும்பி வருவார். வயிற்றுக்குள் குடல் கிழிந்திருக்கும். வெளியே தோலில் ஒரு சிராய்ப்புகூட இருக்காது, அல்லது இருந்த சிராய்ப்புக்கு டிங்ச்சர் போட்டு அனுப்பியிருப்பார்கள்.

தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாந்தி வந்ததா, மயக்கம் வந்ததா, ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள் என்று டீக்கடையில் நிற்பவர்கூடச் சொல்கிறார். வயிற்றுக்கு அந்த விழிப்பு இன்னும் வரவில்லை. "வயித்துல லேசா இடிச்சிருச்சு சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கத்திக்குத்து என்றால் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் புரியும். கத்தியே படாமல் குடல் எப்படிக் கிழியும் என்பதுதான் பலருக்குச் சந்தேகம். மூன்று வழிகளில் கிழியும். முதலாவது நசுங்குவது. பைக்கின் ஹேண்டில்பாரோ, டிராக்டரின் ஸ்டீயரிங்கோ, பேருந்தில் முன் சீட்டின் கம்பியோ முன்னாலிருந்து அழுத்த, பின்னால் முதுகெலும்பு இருக்க, நடுவில் மாட்டிய குடல் நசுங்கிப் பிளந்துவிடும். இரண்டாவது, வேகமாகப் போகும் உடம்பு சட்டென்று நிற்கும்போது நடப்பது. குடலின் பெரும்பகுதி வயிற்றுக்குள் தாராளமாக ஆடக்கூடியது, ஆனால் சில இடங்களில் பின்சுவரோடு இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் முடிந்து அடுத்த பகுதியான ஜெஜுனம் தொடங்கும் இடம் ஒன்று, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் இன்னொன்று. ஆடும் பகுதி முன்னால் போக, பிடிபட்ட பகுதி நிற்க, சந்திப்பில் கிழிகிறது. அதனால்தான் வயிற்றைத் திறந்ததும் எங்கள் கை முதலில் அந்த இரண்டு இடங்களுக்கும் போகும். மூன்றாவது, அடிபடும் நொடியில் ஒரு குடல் வளையத்தின் இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றும் நீரும் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி வெடிப்பது. சீட் பெல்ட் இடுப்பெலும்பில் படியாமல் வயிற்றின் மேல் ஏறி இருந்தால் இப்படி நடக்கும். சீட் பெல்ட்டைக் குறை சொல்கிறேன் என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். பெல்ட் போட்டிருந்தவரின் அடிவயிற்றில் குறுக்காகச் சிவந்த தடம் தெரிந்தால் அவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் நான் சொல்வது. அந்தத் தடத்தோடு வருபவருக்கு முதுகெலும்பில் குறுக்காக விழும் முறிவும் இருக்கலாம். 1948-இல் சான்ஸ் என்ற மருத்துவர் விவரித்த முறிவு அது. முதுகும் வயிறும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும்.

குடலே கிழியாமல், குடலைப் பின்சுவரோடு பிடித்து ரத்தம் கொண்டுவரும் மெசென்ட்ரி என்ற சவ்வு மட்டும் கிழிவதும் உண்டு. அன்றைக்குக் குடலில் ஓட்டை எதுவும் இருக்காது. ரத்த ஓட்டம் அறுபட்ட அந்தத் துண்டு மெல்ல மெல்லக் கருத்து, சில நாள் கழித்துத்தான் ஓட்டை விழும். "நல்லாத்தானே இருந்தான், திடீர்னு எப்படி?" என்று சொந்தக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரி நோயாளிகளின் கட்டிலருகேதான்.

அப்புறம் ஏன் இது முதல் நாளே தெரிவதில்லை? மண்ணீரல் கிழிந்தால் ரத்தம் கொட்டும், பிரஷர் இறங்கும், முகம் வெளுக்கும், யார் கண்ணுக்கும் தப்பாது. இரைப்பைப் புண் வெடித்தால் அமிலம் சிதறி அந்த நிமிடமே வயிறு பலகை மாதிரி இறுகிவிடும். சிறுகுடல் அப்படி இல்லை. அதற்குள் இருக்கும் நீரில் அமிலம் அதிகம் இல்லை, கிருமிகளும் பெருங்குடலில் இருக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே கசிவு தொடங்கிய முதல் சில மணி நேரம் வலி மிதமாகத்தான் இருக்கும். அதுவும் வயிற்றுச் சுவரில் பட்ட அடியின் வலியா உள்வலியா என்று பிரித்துச் சொல்வது எவ்வளவு அனுபவப்பட்டவருக்கும் கஷ்டம். டியோடினத்தின் பின்பக்கம் கிழிந்தால் இன்னும் மோசம். கசிவு வயிற்றறைக்குள் வராமல் முதுகுப் பக்கம் பரவுவதால் வயிறு மிருதுவாகவே இருக்கும். நோயாளி முதுகு வலி என்பார், இரண்டு தடவை வாந்தி எடுப்பார், அவ்வளவுதான்.

இப்போது பரிசோதனைகளுக்கு வருகிறேன், தவறான நம்பிக்கை அதிகம் இருப்பது இங்கேதான். விபத்துப் பிரிவுக்கு வந்ததும் வயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்டு ஸ்கேன் வைத்துப் பார்ப்பார்கள், ஃபாஸ்ட் என்று சொல்வோம். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடும், அதற்கு அது அருமையான கருவி. ஆனால் கிட்டத்தட்ட 200 மி.லி.யாவது தேங்கினால்தான் அதன் கண்ணில் படும். குடலில் விரல்நுனி அளவு ஓட்டை விழுந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்றால் அது எதையும் காட்டாது. "ஸ்கேன் நார்மல்" என்று எழுதிக் கொடுப்பார்கள். எழுதியவர் பொய் சொல்லவில்லை, ஆனால் கேட்பவர் குடல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். நிற்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே கறுப்பாகக் காற்று தெரிந்தால் குடல் ஓட்டை என்று ஏறக்குறைய உறுதி. தெரியவில்லை என்றால் ஓட்டை இல்லை என்று அர்த்தமே கிடையாது. சிறுகுடலில் காற்று குறைவு என்பதால் பலருக்குத் தெரிவதே இல்லை.

சரி, சிடி ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். இருப்பதில் சிறந்தது அதுதான், மறுக்கவில்லை. இன்று பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சிடி இருப்பது நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத வசதி. நரம்பு வழியாக மருந்து செலுத்தி எடுத்தால் போதும். குடிக்கக் கொடுக்கும் மருந்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஓட்டையே நேராகத் தெரிவது அபூர்வம். பெரும்பாலும் சின்னச் சின்னத் தடயங்கள்தான் கிடைக்கும். கல்லீரலும் மண்ணீரலும் நன்றாக இருக்கும்போது வயிற்றில் நீர் தேங்கியிருக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். குடல் சுவர் ஓரிடத்தில் தடித்திருக்கலாம், மெசென்ட்ரியின் கொழுப்பு கலங்கித் தெரியலாம், குடலுக்கு வெளியே கடுகளவு காற்றுக் குமிழி ஒன்றிரண்டு இருக்கலாம். கம்ப்யூட்டரில் படத்தை நுரையீரல் பார்க்கும் அமைப்புக்கு மாற்றி வைத்துத் தேடினால்தான் அந்தக் குமிழிகள் கண்ணில் படும். ராத்திரி இரண்டு மணிக்கு, தூரத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் பார்க்கும் ரேடியாலஜி மருத்துவருக்கு இவ்வளவையும் தேடத் தோன்ற வேண்டும் என்றால், நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் விவரத்தை ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்க வேண்டும். "ஆர்.டி.ஏ., சி.டி. அப்டமன்" (சாலை விபத்து, வயிற்றுக்கு சிடி) என்று மொட்டையாக எழுதுவதற்கும், "ஹேண்டில்பார் தொப்புளுக்கு மேலே இடித்தது, அங்கே அழுத்தினால் வலிக்கிறது, குடல் காயம் இருக்கிறதா பார்க்கவும்" என்று எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

இதெல்லாம் செய்தாலும் தப்பும். அமெரிக்காவில் 95 விபத்துச் சிகிச்சை மையங்கள் சேர்ந்து, 2,75,000-க்கும் அதிகமான விபத்து நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கத்திக்குத்து போலத் துளைக்காமல், மோதியோ விழுந்தோ அடிபட்டவர்களில் சிறுகுடல் காயம் சுமார் நூற்றில் ஒருவருக்கு, ஓட்டை விழும் அளவுக்குப் போவது அதிலும் குறைவு. கேட்பதற்குச் சின்ன எண்ணாகத்தான் இருக்கும், பெரிய மருத்துவமனையில்கூட ஒரு இளம் டாக்டர் தன் பயிற்சிக் காலத்தில் சிலரைத்தான் பார்ப்பார், தவறவிட முக்கியக் காரணமும் அதுவே. என் மனதில் ஒட்டிக்கொண்டது இன்னொரு எண். குடலில் ஓட்டை இருந்தது பின்னால் உறுதியானவர்களில் 13 சதவீதம் பேருக்கு, அறுவைக்கு முன்னால் எடுத்த சிடி முற்றிலும் நார்மலாக இருந்திருக்கிறது. அதற்கு முன் 2000-இல் வந்த, 198 நோயாளிகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு, தாமதத்தின் விலை என்ன என்று பார்த்தது. அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் இறந்தவர்கள் 2 சதவீதம். 8 முதல் 16 மணி நேரத்தில் 9 சதவீதம். 24 மணி நேரத்தைத் தாண்டியவர்களில் சுமார் 31 சதவீதம். இத்தனைக்கும் வசதிகள் நிறைந்த மருத்துவமனைகளில்.

முன்பெல்லாம் இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. 1965-இல் ரூட் என்பவரும் சகாக்களும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். தொப்புளுக்குக் கீழே சின்னக் குழாய் ஒன்றை விட்டு, சலைன் செலுத்தித் திரும்ப எடுத்து, அதில் ரத்தமோ பித்தமோ இருக்கிறதா, வெள்ளை அணு எவ்வளவு என்று பார்ப்பது. குடல் காயத்துக்கு அது கெட்டிக்காரப் பரிசோதனை. ஆனால் கொஞ்சம் ரத்தம் தெரிந்தாலும் வயிற்றைத் திறந்துவிடுவோம், திறந்தால் பலருக்குத் தானே நின்றுபோன சின்னக் கசிவாக இருக்கும். அல்ட்ராசவுண்டும் சிடியும் வந்த பிறகு அந்த முறை மறைந்துவிட்டது. மண்ணீரல், கல்லீரல் கிழிசல்களையும் இப்போது பெரும்பாலும் திறக்காமலே படுக்க வைத்துக் குணப்படுத்துகிறார்கள். இது பெரிய முன்னேற்றம், நானே வரவேற்றேன். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அந்தக் காலத்தில் மண்ணீரலுக்காக வயிற்றைத் திறந்தவர் குடலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். இன்று அந்தப் பார்வை இல்லை. சிடியில் மண்ணீரல் காயம் தெரிந்து, "தேங்கிய நீர் அதன் ரத்தம்தான்" என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டால், பக்கத்தில் கசியும் குடலை யாரும் தேடுவதில்லை. சிடி கிடைக்காத தாலுகா மருத்துவமனையில் வயிற்றின் நான்கு மூலையிலும் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பதை இன்றைய பிள்ளைகள் பழங்காலத்து வேலை என்று நினைக்கிறார்கள். ஊசியில் மஞ்சளாகப் பித்தமோ கலங்கிய நீரோ வந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. எதுவும் வராவிட்டால் மட்டும் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஆக, கண்டுபிடிப்பது எது? வயிற்றில் கை வைத்துப் பார்ப்பது. மறுபடி வைத்துப் பார்ப்பது. கூடுமானவரை அதே டாக்டரின் கை, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, முதல் 24 மணி நேரம். இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். ஒரு படத்தை வைத்துத் தீர்க்கப் பார்க்கும் கேள்விக்கு, மாறிக்கொண்டே போகும் வயிறுதான் பதில் சொல்கிறது. காலையில் ஓரிடத்தில் மட்டும் இருந்த வலி மதியம் பரவியிருக்கிறதா, தொட்டால் தசை தானாக இறுகுகிறதா, நாடி ஏறுகிறதா, ஜுரம் வருகிறதா, வெள்ளை அணு கூடுகிறதா? முதல் தடவை பார்த்தவரே இரண்டாம் தடவையும் பார்த்தால்தான் இந்த மாற்றம் உறைக்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், ஊரும் பெயரும் வேண்டாம். பிளஸ் டூ படிக்கிறவன், சாயங்காலம் பைக்கில் போய் நாய் குறுக்கே வந்து விழுந்திருக்கிறான். ஃபாஸ்ட் நார்மல், எக்ஸ்ரே நார்மல். சிடியில் அடிவயிற்றில் கொஞ்சம் நீர், கல்லீரல் மண்ணீரலில் எதுவும் இல்லை. பிரஷர் கடைசி வரை இறங்கவே இல்லை. தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக ஒரு சிவப்பு, ஹேண்டில்பாரின் நுனி பதிந்த இடம். மறுநாள் செய்முறைத் தேர்வு, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப்போகிறோம் என்று அப்பா நிற்கிறார். ராத்திரி ட்யூட்டியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் கேஸ் ஷீட்டைக் காட்டினார். நாடிக் கட்டத்தில் 84, 96, 110 என்று மூன்று எண்கள் கீழ்க்கீழே. "சார், இவன் வந்ததுல இருந்து கையில போனை வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தான். இப்ப போனைத் தொடவே இல்லை, அசையாமப் படுத்திருக்கான்" என்றார். போய்ப் பார்த்தபோது இரண்டு முழங்காலையும் மடக்கி, மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். இருமச் சொன்னேன். இருமப் பயந்தான். விடிவதற்குள் திறந்தோம். ஜெஜுனம் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, சுண்டு விரல் நுழையும் அளவு ஓட்டை. தைத்து, கழுவி, மூடினோம். பையன் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனான். அந்த நர்ஸ் அம்மாவின் கண்தான் அன்றைக்கு வேலை செய்த முதல் பரிசோதனை. வலியுள்ள குழந்தை புரண்டு அழும், பெரிடோனைட்டிஸ், அதாவது வயிற்றறையின் உள்சவ்வில் அழற்சி, வந்த குழந்தை அசையவே அசையாது என்று அவருக்கு யாரும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள், வார்டில் நின்று நின்று தெரிந்துகொண்டது அது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தேன். தொடை எலும்பு முறிந்த ஒரு கூலித் தொழிலாளியை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, காலுக்கு அறுவை செய்து, வலி ஊசி போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். வயிறு உப்பியது, மருந்தால் வந்த வாயு என்றார்கள். எங்களிடம் ரெஃபர் ஆகி வந்தபோது சிறுநீர் நின்று போயிருந்தது. வயிற்றைத் திறந்தபோது உள்ளே எல்லாம் ஒட்டிப்போய்ச் சீழ். காப்பாற்ற முடியவில்லை. பெரிய முறிவு இருக்கும்போது நோயாளியின் கவனமும் டாக்டரின் கவனமும் அதிலேயே போய்விடும். எலும்பு வார்டில் சேர்ந்தவரின் வயிற்றை யார் பார்ப்பது என்பதே முடிவாகாமல் கிடக்கும். இப்படிப்பட்டவர்கள், குடித்துவிட்டு வந்தவர்கள், தலையில் அடிபட்டு மயங்கியவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்வு போனவர்கள் ஆகியோரின் வயிறு நமக்கு எதுவும் சொல்லாது, அதனால் அவர்களுக்கு சிடியைத் தள்ளிப்போடவே கூடாது. சந்தேகம் தீரவில்லை என்றால் சில மணி நேரம் கழித்து இரண்டாம் தடவையும் எடுக்க வேண்டும், அல்லது சின்னத் துளை வழியாக லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பார்க்க வேண்டும்.

வலி ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. காரணம் தெரியும்வரை வலிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்லித்தந்தார்கள், இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. வலியில் துடிப்பவருக்கு மருந்து கொடுத்துவிட்டும் சரியாகப் பரிசோதிக்க முடியும். ஊசி போட்டதும் வலி குறைந்ததைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்புவதுதான் ஆபத்து. மருந்துக்கடையில் வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு நாளைக் கடத்துவதும் அதே ஆபத்து. அதை விடவும் மோசம், சுளுக்குப் பிடித்திருக்கிறது என்று அடிபட்ட வயிற்றில் எண்ணெய் போட்டு உருவி விடுவது. தயவுசெய்து அடிபட்ட வயிற்றை யாரும் உருவ விடாதீர்கள்.

அமிதாப் பச்சனுக்கு நடந்தது என் வயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 1982 ஜூலையில் பெங்களூரில் 'கூலி' படத்தின் சண்டைக் காட்சியில் மேசையின் மூலை வயிற்றில் இடித்தது. வெட்டு இல்லை, குத்து இல்லை, உள்ளே குடலில் காயம். பெங்களூரில் ஒரு அறுவை, பிறகு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இன்னொரு அறுவை, வாரக்கணக்கில் உயிருக்குப் போராட்டம், நாடே கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டது. அடுத்த வருஷம் படம் வெளிவந்தபோது அடிபட்ட அந்த இடத்தில் காட்சியை நிறுத்தி, எழுத்துப் போட்டுக் காட்டினார்கள். நல்ல உடற்கட்டு உள்ள, நாற்பதை நெருங்கிய மனிதர், சுற்றிலும் ஆட்கள், எந்த டாக்டரையும் வரவழைக்கக்கூடிய வசதி. அவருக்கே அந்த நிலை என்றால், ராத்திரி பதினொரு மணிக்கு வயல் பாதையில் பைக்கிலிருந்து விழுந்து தானே எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுக்கிறவரை யார் கவனிப்பார்கள்?

இன்னொரு விஷயம், பத்திரிகைகள் அதிகம் எழுதாதது. வயிற்றில் விழும் அடியெல்லாம் ரோட்டில் விழுவதில்லை. கபடியில் முழங்கால் படும், மாடு உதைக்கும், மரத்திலிருந்து வரப்பில் விழுவார்கள், இவற்றை ஒளிக்காமல் சொல்வார்கள். வீட்டுக்குள் புருஷன் உதைத்ததைச் சொல்ல மாட்டார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்பார்கள், பக்கத்தில் அதே ஆள் நிற்பார். பாத்ரூமில் விழுந்தவருக்கு இடுப்பிலோ மணிக்கட்டிலோ அடிபட்டிருந்தால் நம்பலாம். தொப்புளுக்கு மேலே மட்டும் கன்றிப்போயிருந்தால் டாக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு நர்ஸை உடன் வைத்துக்கொண்டு, பொறுமையாக மறுபடி கேட்க வேண்டும். குழந்தைகளுக்கும் இது பொருந்தும். கேட்கும் கதையும் பார்க்கும் காயமும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் குழந்தையை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

குழந்தைகள் என்றதும் சைக்கிள் ஞாபகம் வருகிறது. மெதுவாகப் போய் விழும் குழந்தைக்கு ஹேண்டில்பாரின் நுனி நேராக மேல்வயிற்றில் குத்தும். டியோடினத்தின் சுவருக்குள் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும், கணையம்கூட நசுங்கும். விழுந்த வேகம் குறைவு என்பதால் பெற்றோர் பெரிதாக நினைப்பதில்லை. இரண்டு நாள் கழித்துப் பச்சையாக வாந்தி எடுக்கும்போதுதான் கூட்டி வருகிறார்கள். உங்கள் வீட்டுச் சைக்கிளில் கைப்பிடி ரப்பர் கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள், புதுசு மாட்ட ஆகும் செலவு ரொம்பக் குறைவு.

வயிற்றில் அடிபட்டு, டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை உங்கள் பத்திரிகை கட்டம் கட்டி அடிக்கடி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாதாரண அடியின் வலி நேரம் போகப் போகக் குறையும், கூடினால் கிளம்புங்கள். இருமினாலோ, வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதோ வயிறு முழுக்கச் சுண்டி வலித்தால், அது வெறும் தசை வலி என்று விட்டுவிடாதீர்கள். வாந்தி, வயிற்று உப்பல், காற்றுப் பிரியாமல் இருப்பது, ஜுரம், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பது, தோள்பட்டையில் காரணமில்லாத வலி, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் சோடாவோ இளநீரோ கொடுக்காதீர்கள், உடனே மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

பணத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். குடல் காயம் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுப்பதும் இந்த 48 மணி நேரத்துக்குள்தான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய பையன், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம், குடித்திருந்தது வெளியே தெரியக் கூடாது என்ற கூச்சம், இவையும் ஆட்களை ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளப்புகின்றன. அவர்களை நிறுத்தி உட்கார வைத்துப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்க ஒரு டாக்டருக்கு முடிய வேண்டும். இருநூறு பேர் நிற்கும் விபத்துப் பிரிவில் ஒரே ஒரு டியூட்டி டாக்டரை வைத்துக்கொண்டு அதை எதிர்பார்க்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை பெரிய செலவு பிடிப்பதல்ல. வயிற்றில் அடிபட்டு அப்சர்வேஷனில் இருப்பவரின் கேஸ் ஷீட்டில் தனியாக ஒரு தாள் வேண்டும். எத்தனை மணிக்கு யார் வயிற்றைப் பார்த்தார், எங்கே வலி, இறுக்கம் உண்டா இல்லையா, நாடி எவ்வளவு என்று கட்டம் போட்ட தாள். எலும்பு வார்டிலும் நரம்பியல் வார்டிலும் படுத்திருப்பவர்களுக்கும் அது போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் ஒரு சர்ஜன் அவர்களைத் தலை முதல் கால் வரை இன்னொரு தடவை பார்த்துக் கையெழுத்திட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கத்தில் மேலே சொன்ன அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டும். டியூட்டி மாறும்போது, "மூணாம் பெட் அப்டமன், அப்சர்வேஷன்" என்று மேசையில் உட்கார்ந்தபடி ஒப்படைக்கிற வழக்கம் போக வேண்டும். போகிற டாக்டரும் வருகிற டாக்டரும் சேர்ந்து மூன்றாம் படுக்கைக்குப் போய், ஒருவர் கை வைத்துப் பார்த்ததை மற்றவரும் கை வைத்துப் பார்த்து, இரண்டு பேரும் அந்தத் தாளில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு அறுவை சிகிச்சை மருத்துவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.